பெட்ரோல் திருடனுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை!

பெட்ரோல் திருட்டு என்றால் போலீசுக்குத் தெரிந்தது ஒரே வகைதான். நடுராத்திரியில் டியூபைப் போட்டு உறிஞ்சுகிற வகை. அவனை என்றைக்காவது பிடித்துவிடலாம். நான் சொல்லப்போகும் ஆசாமி பட்டப்பகலில், வண்டிக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே டேங்கை விட்டு ஆவியாக வெளியேறுகிறான். இவன் மேல் எப்.ஐ.ஆர். போட முடியாது. கதவைத் திறந்துவிடுவதே நாம்தானே!

வாஞ்சூர் பக்கமோ பூவம் பக்கமோ ஒரு பங்க்கில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். தமிழ்நாட்டை விட இங்கே வரி குறைவு. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். நாகூர், நாகை, தரங்கம்பாடிக்காரர்கள் எல்லாம் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறார்கள். வந்ததே வந்தோம் என்று "ஃபுல் பண்ணு தம்பி" என்கிறார்கள். டேங்க் நிறைந்ததும் கன் "டக்"கென்று தானாக நிற்கிறது. அதோடு விட்டால்தானே? "இன்னும் போவும், ஊத்து!" பங்க் பையன் வண்டியை ஒரு ஆட்டு ஆட்டிக் கழுத்து வரை ஊற்றுகிறான். சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு வரும் கார்க்காரர்களும் இந்த விஷயத்தில் சளைத்தவர்கள் அல்ல.

கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

2017 மார்ச் 29-ந் தேதி நினைவிருக்கிறதா? ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-3 வண்டி விற்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. ஷோரூம்களில் தள்ளுபடி விலைக்குத் தள்ளுமுள்ளு நடந்தது. அதற்குப் பிறகு வந்த பி.எஸ்.-4 டூவீலர்களில் சத்தமில்லாமல் ஒரு சின்ன டப்பாவும் சேர்ந்து வந்தது. கார்களில் அது முன்பே உண்டு. மெக்கானிக்குகள் கேனிஸ்டர் என்பார்கள். கரி டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்புக் கரி அல்ல, ஆவியைப் பிடித்து வைக்கும்படி பக்குவம் பண்ணின கரி. வெயிலில் நிற்கும் டேங்கில் கிளம்பும் ஆவி அந்தக் கரியில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது ஒரு வால்வு வழியாக இன்ஜின் அதை உறிஞ்சி எரித்துவிடும். ஊருக்கு நாற்றமில்லை, உமக்கு நஷ்டமில்லை.

கழுத்து வரை ஊற்றினால் ஆவி போக வேண்டிய குழாயில் பெட்ரோலே போகிறது. கரி ஊறிவிடுகிறது. ஊறின கரிக்கு ஆவியைப் பிடிக்கத் தெம்பு ஏது? சில்லறை மிச்சம் பிடிக்க வந்தவர் டப்பாவுக்குச் செலவு வைத்துக்கொண்டு எல்லை தாண்டுகிறார்.

இன்னொரு கூட்டம், "இது எதுக்கு வேண்டாத டப்பா, கழட்டி எறி" என்கிறது. கழற்றி எறிகிற மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள்.

"கொஞ்சம் ஆவி போனா என்ன சார் குடி முழுகிடும்?" என்று ஒரு கடைக்காரர் என்னையே மடக்கினார். ஒப்புக்கொள்கிறேன், காசுக் கணக்கில் பெரிசு இல்லை. ஆனால் அவர் ராத்திரி வண்டியை எங்கே விடுகிறார்? திருட்டுப் பயத்தில் வீட்டுக்குள். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம். மேலே போகாது, தரையோடு தவழும். ஏறக்குறைய மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கிற சாமான் அது. நடுக்கூடத்தில் வண்டி, அடுத்த கட்டில் அடுப்பு. காலையில் அம்மா தீக்குச்சி கிழிக்கும்போது தெரியும் அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று! போதாக்குறைக்கு அந்த ஆவியில் பென்சீனும் இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் சரக்கு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவே முதல் பட்டியலில் போட்டு வைத்திருக்கிறது.

சரி, ஒழுகுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்காவில் காரே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். 1996 வாக்கில் 1 மில்லிமீட்டர் ஓட்டையைப் பிடித்து விளக்கைப் போட்டது. 2000-மாவது ஆண்டு மாடலிலிருந்து அரை மில்லிமீட்டர். ஊசி முனை! நம் டூவீலரில் அந்த ஏற்பாடெல்லாம் இல்லை. மூக்குதான் மீட்டர்.

திருநள்ளாறு ரோட்டில் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "தம்பி, எடுத்த எடுப்புல டப்பாவை மாத்தாத. முதல்ல மூடியப் பாரு" என்றார். டேங்க் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா, விறைத்துப் போயிருக்கிறதா? பாதி கேஸ் அதிலேயே முடிந்துவிடுமாம். அடுத்து, டேங்கிலிருந்து டப்பாவுக்குப் போகும் ஹோஸ். வளைகிற இடத்திலும் கிளிப் இறுக்குகிற இடத்திலும்தான் கீறல் விழும். விரலால் மடக்கிப் பார்த்தால் வாய் பிளக்கும். 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. சில பழைய வண்டிகளில் ரப்பர் சாமான்களை மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே அப்போது சொன்னது. ஆகவே பழைய வண்டிக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

காராக இருந்தால் இன்னொரு துப்பு உண்டு. பெட்ரோல் போட்டவுடனே ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கிறதா? வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், இல்லையென்றால் கரி ஊறியிருக்கலாம். இதிலும் அகப்படாத ஓட்டைக்குப் புகை மிஷின். குழாய்க்குள் மெல்லிய புகையை விட்டு, எங்கே நூல் மாதிரி எழுகிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. அதில் அழுத்தம் 1 பவுண்டு கூட இருக்காது. அதனால் "காத்து விட்டுப் பார்க்கிறேன்" என்று பஞ்சர் கடை ஹோஸை டேங்கில் சொருகுகிறவரைத் தடுத்து நிறுத்துங்கள். டயருக்கு அடிக்கிற 30 பவுண்டை டேங்க் தாங்காது.

இனி அதிகாரிகள் கவனத்துக்கு.

புகை சர்டிபிகேட் இல்லையென்றால் 2019 திருத்தச் சட்டப்படி 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்தச் சோதனையில் என்ன பார்க்கிறார்கள்? சைலன்சருக்குள் குழாயை விட்டு, வெளியே வருகிற புகையை அளக்கிறார்கள். அவ்வளவுதான். டேங்க் மூடியை யாரும் தொடுவதில்லை. பி.எஸ்.-6 டூவீலர் கம்பெனியை விட்டு வரும்போது, மூடிய அறைச் சோதனையில் ஒன்றரை கிராமுக்கு மேல் ஆவி விடக் கூடாது என்று விதி. ரோட்டுக்கு வந்த பிறகு அதே வண்டி டப்பாவே இல்லாமல் ஓடினாலும் "பாஸ்" சீட்டு கிடைத்துவிடுகிறது. இது என்ன கூத்து?

சைலன்சரில் குழாய் சொருகும் நேரத்திலேயே மூடி வாஷர், ஹோஸ், டப்பா மூன்றையும் கண்ணால் பார்க்கச் சொல்லலாம். இரண்டு நிமிஷ வேலை, மிஷின் வேண்டாம். காரைக்கால் போக்குவரத்துத் துறை மனசு வைத்தால் போதும். திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது; ஒரு புகை மிஷினை வைத்து நம் மெக்கானிக்குகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வகுப்பு எடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? பங்க் முதலாளிகள் ஒரு போர்டு வைக்கட்டும்: "கன் நின்றால் நிறுத்திவிடுவோம். வற்புறுத்தாதீர்." எல்லை தாண்டி வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி, கொஞ்சம் பெரிய எழுத்தில்.