சிவப்பு இரத்த நத்தை

"நத்தைக்கு இரத்தம் இருக்கா, ஐயா?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல கேள்வி, அன்பர்களே!

இருக்கிறது. பல நத்தைகளுக்கு அது இளநீலம். செம்புச் சத்துள்ள புரதம் பிராணவாயுவைச் சுமக்கிறது. வயல்நீரிலும் மாட்டுக் குட்டையிலும் தட்டையாகச் சுருண்டு கிடக்குமே ஒரு நத்தை, இந்தோபிளானோர்பிஸ், அதற்கோ நம்மைப் போல் சிவப்பு. இரும்புள்ள ஹீமோகுளோபின்தான்.

அதன் உறவினமான பிரேசில் நத்தையின் மரபணுக்களை ஆராய்ந்து 2006-இல் எழுதினார்கள். தசையிலிருந்த சிறு புரதத்தின் மரபணுவே மடங்கு மடங்காக நீண்டு இப்படி ஆனதாம். நம் ஹீமோகுளோபின் சங்கிலி ஒன்றில் இரும்பு ஒன்று, அதில் 13! சேறு நாறும் தண்ணீரிலும் மூச்சு முட்டாமலிருக்க இது உதவுகிறது.

நத்தை பிழைத்தால் அதற்குள் வளரும் புழுவும் பிழைக்கும். மாட்டுச் சாணத்தோடு விழும் முட்டை நீரில் பொரிந்து, குஞ்சு நத்தைக்குள் பெருகி, வாலோடு வெளியே நீந்தி, வயலில் இறங்கியவர் காலைத் துளைக்கும். மலாயாவில் 1938-இல் பதிவான வயல் அரிப்பு இதுதான். மாட்டுப் புழு நம் தோலிலேயே செத்துவிடும். சொறிந்து புண்ணாக்காவிட்டால் தானே அடங்கும். பிரேசிலிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள மனிதப் புழு அப்படியல்ல. குடலின் இரத்தக் குழாயில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து ஈரலைக் கெடுக்கும்.

'தண்ணீர் சேரவில்லை' என்று மஞ்சள் பூசும் தாய்மார்களே, வயலில் இறங்கினால் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். கரையேறியதும் காலைத் துடையுங்கள்.

அந்தப் பையனுக்கு ஒரு நத்தையைக் கண்ணாடிப் புட்டியில் காட்டப் போகிறேன். தொடத்தான் விடமாட்டேன்.