எல்லாம் முள்ளு மரம் இல்லை! நாட்டுக் கருவேலத்தைக் காப்போம், சீமைக் கருவேலத்தை வேரறுப்போம்!



1870-களில் வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்து இறங்கிய சீமைக் கருவேலம் இன்று கண்மாய், வரத்துக்கால், மேய்ச்சல் புறம்போக்கு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. அதைப் பிடுங்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து கிடையாது. 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னது. 2022-இல் தமிழக அரசு கொள்கையே வெளியிட்டது. ஆனால் களத்தில் நடப்பது என்ன?

ஏலம் எடுத்தவர்கள் சீமைக் கருவேலத்தின் பேரைச் சொல்லி நாட்டுக் கருவேலம், வெள்வேல், வன்னி எல்லாத்தையும் சேர்த்து லாரியில் ஏற்றுகிறார்கள். கேட்டால், "எல்லாம் முள்ளு மரந்தானே" என்கிறார்கள். சீமைக் கருவேலத்தின் தூரை மட்டும் மண்ணிலேயே விட்டுப் போகிறார்கள். ஒரு மழை பெய்தால் அது மறுபடி துளிர்க்கும். வெட்டின நாட்டு மரம் வருமா?

நாட்டுக் கருவேலம் ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் மரம் கொடுத்தது. கோடையில் ஆட்டுக்குத் தழையும் நெற்றும் அதுதான். சீமைக் கருவேலத் தழையை ஆடு தொடாது. நெற்றைத் தின்னும், விதை புழுக்கையோடு விழுந்து ஊரெல்லாம் முளைக்கும்.

அடையாளம் இதுதான்:

நாட்டுக் கருவேலம்: பூ மஞ்சள் உருண்டை. நெற்று சாம்பல் நிறம், மணி கோர்த்த மாதிரி விதைக்கு விதை இடுங்கியிருக்கும்.

வெள்வேல்: பட்டை வெளுப்பு. சின்ன உருண்டைப் பூக்கள் கொத்துக் கொத்தாக இருக்கும்.

சீமைக் கருவேலம்: பூ விரல் போல நீண்ட கதிர். நெற்று இடுங்காமல் தட்டையாக நீண்டு, பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும்.

வன்னி: இதற்கும் கதிர்ப் பூதான், ஏமாந்துவிடாதீர்கள்! முள்ளைப் பாருங்கள். சீமையில் இலைக் கணுவில் முள் இருக்கும். வன்னியில் கணுவுக்குக் கணு இடையே சிறு முள் சிதறிக் கிடக்கும்.

நமது கோரிக்கைகள்:

1. ஏலத்துக்கு முன்பே ஊர் விவசாயிகளை வைத்து நாட்டு மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்து எண்ணிக்கை எழுது!
2. தூரோடு பிடுங்காத ஏலதாரருக்குப் பணம் விடுவிக்காதே!
3. பிடுங்கின இடத்தில் நாட்டு மரக்கன்று நடு!
4. நாட்டு மரத்தை வெட்டினால் அபராதம் வசூலி!

வரும் கிராமசபையில் இதைத் தீர்மானமாக எழுத வைப்போம். எழுத மறுத்தால் கண்மாய்க் கரையிலேயே உட்காருவோம். குடும்பத்தோடு திரண்டு வாரீர்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்