பழைய வண்டிக் குறிப்புகள் - 6: நகராத முள்ளும் ஓடற நம்பரும்

போன பதிவுல பிரேக் பேட் மாத்தினோம். இந்த வாரம் எஞ்சின் சூடு. அரிசோனா கோடையில பழைய கார் ஓட்டற மாணவக் கண்மணிகளுக்கு இது உயிர் காக்கும் மேட்டர். மத்தவங்க பொது அறிவுக்குப் படிச்சு வைங்க :-)

டேஷ்போர்டுல 'சி'க்கும் 'ஹெச்'சுக்கும் நடுவுல ஒரு முள் நிக்குதே, அதை ரொம்ப நம்பாதீங்க. சூடு லேசா ஏறி இறங்கறதைப் பார்த்து ஜனங்க பயந்துடக் கூடாதுன்னு, பல வண்டிகள்ல அதை வேணும்னே மந்தமாக்கி வெச்சிருக்காங்க. சுமார் 80 டிகிரி செல்சியஸ்லேர்ந்து 105, 110 வரைக்கும் கூட அது நடுவுலயே நிக்கும் (வண்டிக்கு வண்டி மாறும்). அதைத் தாண்டினா சர்ருனு மேலே போகும். நாம பார்க்கறதுக்குள்ள லேட்.

லேட் ஆனா என்ன? என்னோடது 1994 மாடல் கொரோலா. எஞ்சின் பிளாக் இரும்பு, மேலே இருக்கிற சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஓவர்ஹீட் ஆனா ஹெட் வளையும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கேஸ்கெட் போகும். அந்த ரிப்பேர் செலவு நான் வண்டி வாங்கின விலையைத் தாண்டும். உதவித்தொகையில காலம் தள்ளறவனுக்கு அதோட வண்டி கதை முடிஞ்சுது.

1996 மாடல்லேர்ந்து அமெரிக்காவுல வித்த கார்னா வேலை சுலபம். ஓபிடி-2 சாக்கெட் இருக்கும், சின்ன ப்ளூடூத் கருவியைச் செருகினா போன்லயே டிகிரி தெரியும். நம்மளது அதுக்கு முந்தின தலைமுறை. அதனால தனி கேஜ், தனி சென்சார் வாங்கினேன். மாட்டின விதம்:

1. கேஜும் சென்சாரும் ஜோடி. சூடு ஏற ஏற சென்சாரோட மின்தடை குறையும், அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேற. இதுக்கு அது போட்டா நம்பர் தப்பா வரும்.

2. மரையைப் பாருங்க. அமெரிக்க சென்சார்ல பெரும்பாலும் அங்குலத்துக்கு 27 மரை, ஜப்பான் எஞ்சின்ல 28. முதல் ரெண்டு சுத்து இனிமையா போகும், அப்புறம் அலுமினியத்தைக் கடிச்சுத் துப்பிடும். நான் எஞ்சினைத் தொடவே இல்லை. ரேடியேட்டர் மேல் ஹோஸை நடுவுல வெட்டி, சென்சார் மாட்டற ஓட்டையோட வர்ற அலுமினியத் துண்டைச் செருகி, ரெண்டு பக்கமும் கிளாம்ப் போட்டேன்.

3. எர்த்! ஒத்தை ஒயர் சென்சாருக்கு அதோட உடம்புதான் எர்த். நம்ம அலுமினியத் துண்டுக்கு ரெண்டு பக்கமும் ரப்பர். அதுலேர்ந்து எஞ்சினுக்கு ஒரு ஒயர் இழுக்கலைன்னா முள் படுத்தே கிடக்கும். மரையில டெஃப்லான் டேப்பை மூட்டை மாதிரி சுத்தினாலும் இதே கதி.

4. கேஜுக்கு கரண்ட், சாவி போட்டா மட்டும் உயிர் வர்ற ஃப்யூஸ்லேர்ந்து. தகட்டு ஓட்டை வழியா ஒயரை உள்ளே விடறப்போ ரப்பர் வளையம் கட்டாயம். இல்லேன்னா தகடு ஒயரை அறுத்துடும்.

5. கூலன்ட் ஊத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வெச்சு, ஹீட்டரை முழுசா வெச்சு, குமிழ் அடங்கற வரை எஞ்சினை ஓட விடுங்க. எஞ்சின் ஆறியிருக்கிறப்போ ஆரம்பிங்க. சூடா இருக்கிறப்போ மூடியைத் திறந்தா மூஞ்சி வெந்துடும். கீழே சிந்தினதை உடனே துடைங்க. இனிக்கும், ஆனா விஷம், நாய் நக்கிடும்.

ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் முள் அசையாது, அப்புறம் குபீர்னு ஏறும். பயம் வேணாம். தெர்மோஸ்டாட் திறந்தாத்தான் மேல் ஹோஸ்ல தண்ணி ஓடும்.

ஜூன் மாசம் ஃபீனிக்ஸ்லேர்ந்து ஐ-17 வழியா ஃபிளாக்ஸ்டாஃப் போனேன். 1100 அடியிலேர்ந்து கிட்டத்தட்ட 7000 அடி ஏத்தம். ஊருக்குள்ள 90 காட்டின கேஜ், பிளாக் கேன்யன் சிட்டி தாண்டி மேடு ஏறறப்போ 98, 101, 104னு போகுது. பழைய முள்? நடுவுல புத்தர் மாதிரி! ஏசியை அணைச்சேன், வேகத்தைக் குறைச்சேன், ஹீட்டரை முழுசா திறந்தேன். வெளிய அனல், உள்ளேயும் அனல். ஆனா மெல்ல 97க்கு இறங்கிச்சு.

ஊருக்குத் திரும்பி ரேடியேட்டர் மேல இன்ஃப்ராரெட் கன் அடிச்சா, நடு நடுவுல பட்டை பட்டையா ஆறிக் கிடக்கு. உள்குழாய்கள் அடைச்சுட்டு இருந்திருக்கு. சமதளத்துல சமாளிச்ச ரேடியேட்டர், மேட்டுல முடியலைன்னு சொல்லியிருக்கு. புது ரேடியேட்டர் போட்டாச்சு. ஹெட் கேஸ்கெட் செலவோட பார்த்தா அது கொசு.

கடைசியா முக்கியமான ஒண்ணு. புது கேஜும் ஏமாத்தும். சென்சார் கூலன்ட்ல முங்கியிருந்தாத்தான் அது சொல்றது நிஜம். ஹோஸ் வெடிச்சு கூலன்ட் எல்லாம் கொட்டிப் போனா சென்சாரைச் சுத்தி காத்துதான். எஞ்சின் வெந்துட்டு இருக்கும், முள் இறங்கும்! அதனால திடீர்னு சூடு குறைஞ்சாலும் சந்தேகப்படுங்க. ஹீட்டரைப் போட்டுப் பார்த்து ஜில்லுனு காத்து வந்தா, உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைங்க. ஹெட் இரும்பு போல்ட்டுக்கு அடியில மாட்டற சென்சாரும் உண்டு. அது உலோகத்தோட சூட்டையே பார்க்கும், கூலன்ட் போனாலும் பொய் சொல்லாது. அடுத்த செமஸ்டர் பணம் வந்ததும் அதையும் மாட்டிடணும்.

பி.கு: வண்டியில எப்பவும் நாலு லிட்டர் தண்ணி வெச்சுக்கோங்க. ரேடியேட்டருக்கு இல்லை, உங்களுக்கு. ஐ-17ல நிழல் கிடைக்காது.