பாட்டிலுக்கு ஸ்டிக்கர், செம்புக்கு?

ஊட்டிக்கு வந்து போறவங்க கவனிச்சிருப்பீங்க. எங்க மாவட்டத்துல டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலா வாங்குவாங்க. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா அந்தக் காசு திரும்ப வரும். காட்டில் வீசிய பாட்டில் உடைந்து யானைக் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகு, 2022 மே மாதம் நீலகிரியில்தான் இதை முதலில் ஆரம்பித்தார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். குடித்துப் போட்ட பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி, கணக்கு வைத்து, திருப்பி வாங்க முடிகிறது இந்த அரசாங்கத்தால்.

தோட்டத்து மோட்டாரில் இருந்து உருவிய செம்புக் கம்பியை எந்தக் கடை வாங்கியது என்று மட்டும் கேட்க முடியவில்லை.

காந்தலைச் சுத்தி கேரட், பீட்ரூட், உருளை போடுறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. ஓடையிலிருந்து மேட்டுக்குத் தண்ணி ஏத்துற மோட்டார், அதுக்குப் போற கேபிள், ஸ்பிரிங்க்ளரோட பித்தளைத் தலை, இதெல்லாம் ராத்திரியில் காணாமல் போகும். கேபிளை நறுக்கி, பள்ளத்தில் வைத்து எரித்து, மேல்தோல் கருகினதும் செம்பைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். காலையில் அந்தக் கருகல் நாத்தம்தான் நமக்குச் சேதி சொல்லும். எடுத்தவனுக்குக் கிடைப்பது எடைக்கு எடை பழைய விலை. நமக்கோ புதுக் கேபிள், மோட்டாருக்குத் திரும்பக் காயில் கட்டுற கூலி, அதுக்கு மேல் பயிர். கேரட் விதை முளைக்கிற சமயத்தில் மேல்மண் காயக் கூடாது. ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில், வெயில் ஏறுறதுக்குள்ள இலை மேல் தண்ணி அடித்துப் பனியைக் கழுவணும். அன்னைக்கு மோட்டார் இல்லைன்னா இலை கருகிடும். திருடினவன் பார்த்த காசு அதில் கால் தூசு பெறாது.

இதுக்குச் சட்டம் இல்லையா? இருக்கு. பழைய இரும்பு வியாபாரிகள், பழைய பொருள் வாங்கி விற்பவர்கள், வாகனப் பட்டறை, டிங்கர் கடைக்காரர்கள் எல்லாரையும் ஒழுங்குபடுத்தி உரிமம் கொடுக்க, 1985-லேயே தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. நாற்பது வருசம் ஆச்சு. உங்க தெருக் காயலான் கடையில் சுவரில் தொங்குற உரிமத்தைப் பார்த்திருக்கீங்களா? திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் குற்றம் என்று பழைய 411-வது பிரிவு சொன்னது, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 317-ம் அதையே சொல்கிறது. ஆனால் செம்பை உருக்கி விட்டால் அதில் யார் பேர் இருக்கு? "எனக்குத் தெரியாதுங்க" என்ற ஒரு வார்த்தை போதும், வழக்கு படுத்துவிடும்.

வரி விஷயத்தில் மட்டும் கண்ணு நல்லாத் தெரியுது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாத ஆளிடம் உலோகக் கழிவு வாங்கினால், வாங்குகிற பதிவுபெற்ற வியாபாரியே ஜி.எஸ்.டி. கட்டணும். கழிவு எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு. எங்கிருந்து வந்தது என்பதற்கு இல்லை.

இதையும் தங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்கு ஒரு வரைவு விட்டது: அடகு வைக்கிற நகை உன்னுடையதுதான் என்று ஆதாரம் காட்டு. அம்மாவுடைய சங்கிலிக்கு எந்த அம்மா ரசீது வைத்துவிட்டுப் போனாள்? நம்மூரில் விதைக்கும் உரத்துக்கும் பணம் நகையில் இருந்துதான் வருது. எதிர்ப்பு கிளம்பின பிறகு, ஜூனில் வந்த இறுதி விதியில் ரசீது இல்லாவிட்டால் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும் என்று இறங்கினார்கள். ஆக, சொந்த நகையை அடகு வைக்கிறவள் உறுதிமொழி எழுதணும். சாக்கில் கருகின செம்பைக் கொண்டு வர்றவன் எதையும் எழுத வேண்டாம்.

ஒரு நண்பர் சொன்னார், "உரிமம்னு ஒண்ணு வந்தா மாமூல்தான் வரும்." நியாயமான பயம். 1968-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடத்தலை நிறுத்தவில்லை, பத்தர்களை வதைத்தது, 1990-ல் ரத்தானது. அதனால்தான் சொல்றேன், சாக்கைத் தோளில் போட்டுப் பிளாஸ்டிக்கும் தகரமும் பொறுக்குற மனுஷனை விட்டுடுங்க. அவர் இல்லைன்னா இந்த மலை குப்பையில் மூழ்கிடும். பிடிக்க வேண்டியது தராசு வைத்திருக்கிறவரை, அதுவும் செம்பு, பித்தளை, அலுமினியம் மூன்றுக்கு மட்டும். கொண்டு வந்தவர் அடையாள அட்டை, எடை, தேதி ஒரு நோட்டில். ஒரு வாரம் உருக்காமல், கீழே அனுப்பாமல் வைத்திருக்கணும். காசைக் கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கில் போடணும். பிரிட்டனில் தண்டவாளக் கேபிளும் தேவாலயக் கூரை ஈயமும் திருடு போய்த் தாங்க முடியாமல், பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதையே 2012 டிசம்பரில் தடுத்தார்கள். டீக்கடை வரைக்கும் ஜிபே வந்த ஊரில் நமக்கு இது கஷ்டமா?

கோயமுத்தூரில் செய்த மோட்டார் மலையேறி வருது. அதன் செம்பும் மலையிறங்கித்தானே போகணும்? பர்லியாரிலும் குஞ்சப்பனையிலும் உங்க தண்ணி பாட்டிலைத் தேடி எடுக்கிறாங்க. பழைய உலோகம் ஏத்தின வண்டியில் வாங்கின சீட்டு இருக்கான்னும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கப் போறேன். ஒரே கேள்விதான்: 1985 சட்டப்படி நீலகிரியில் எத்தனை கடைக்கு உரிமம் இருக்கு? பதில் எழுத்துல வேணும்னு கேட்டிருக்கேன். வந்ததும் இங்கேயே போடுறேன்.