எண்ணூர்க் கால்வாயில் இனி எது ஓட வேண்டும்?

2023 டிசம்பரில் பனாமா கால்வாயின் இரு வாய்களிலும் சரக்குக் கப்பல்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. வழக்கமாக நாளொன்றுக்கு 36 கப்பல்கள் கடக்கும் அந்தக் கால்வாயில் எண்ணிக்கை 24க்கும் கீழே இறங்கியிருந்தது. எல் நினோ வறட்சியில் காட்டூன் ஏரி வற்றிப்போனதே காரணம். அதே டிசம்பரில், மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிவதற்குள், மணலியிலிருந்து கிளம்பிய எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே தண்ணீர் இல்லாமல் கப்பல் நின்றது. இங்கே தண்ணீர் நிறைய இருந்தும் மீனவர்களால் மீன்பிடிக்கப் படகை இறக்க முடியவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பனாமாவில் லாக் எனப்படும் பெரிய தொட்டிக்குள் கப்பல் நுழைந்ததும் பின்கதவு மூடிக்கொள்ளும். மேலே இருக்கும் ஏரித் தண்ணீர் உள்ளே இறங்க இறங்கக் கப்பல் உயரும். மட்டம் சமமானதும் முன்கதவு திறக்கும். கப்பல் அடுத்த தொட்டிக்குப் போகும். தண்ணீரை ஏற்ற பம்ப் கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அது தானே பாய்கிறது. இப்படிக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 26 மீட்டர் ஏறி, மறுபக்கம் அதே முறையில் இறங்கவேண்டும். 1914இல் திறந்த பழைய லாக்குகளில் ஒரு கப்பல் கடந்து முடிப்பதற்குள் ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் கலந்துவிடும். 2016இல் திறந்த புதிய லாக்குகள் 427 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம் கொண்டவை. அவற்றில் பக்கத் தொட்டிகளைக் கட்டி, 60 சதவீதத் தண்ணீரை மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

பனாமா மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடிப்பதும் கால்வாய்க்குத் தண்ணீர் தரும் ஏரிகளின் நீரைத்தான். எனவே ஏரி மட்டம் இறங்கினால் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். அந்த வறட்சியில், கப்பல் நீருக்குள் எவ்வளவு அமிழலாம் என்ற அளவையும் 50 அடியிலிருந்து 44 அடிக்குக் குறைத்தார்கள். அந்த அளவுக்கு மேல் சரக்கு ஏற்றிவந்த கப்பல், யாருடையதானாலும் சுமையை இறக்கிவிட்டுத்தான் போகவேண்டும். எல்லாம் அங்கே நியாயமாக நடக்கிறது என்று சொல்லவில்லை. தட்டுப்பாட்டைத் தீர்க்க இந்தியோ ஆற்றில் அணை கட்டும் திட்டத்தை, நிலம் மூழ்கப்போகும் உழவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். ஆனால் ஒன்று உறுதி. எந்தக் கப்பல் எவ்வளவு சுமையோடு போகலாம் என்பதை அங்கே தண்ணீர் தீர்மானிக்கிறது.

லாக் வழியே கப்பலை உள்ளே விடுவது இந்தியாவுக்கும் பழக்கமானதுதான். ஹூக்ளி ஆற்றில் கடலேற்றமும் வற்றமும் பெரிது என்பதால், ஹால்டியா துறைமுகத்தின் உள்துறைக்குள் கப்பல்கள் லாக் கதவு கடந்தே நுழைகின்றன.

சென்னைக்கும் லாக் கதவுகளோடு ஒரு கால்வாய் இருந்தது. பேசில் காக்ரேன் என்பவர் 1801இல் அனுமதி பெற்று, சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல் தூரம் வெட்டிய கால்வாய் அது. 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. வடக்கே பழவேற்காடு தாண்டி நீட்டியது. 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். பட்டினி கிடந்த மக்களின் உழைப்பில் தோண்டிய அந்தக் கால்வாய்க்கு அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது. ஆந்திரத்தின் பெத்த கஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை 420 கிலோமீட்டர். அதில் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் லாக்குகள் வைத்து மட்டத்தைக் காத்தார்கள். உப்பும் விறகும் தானியமும் ஏற்றிய தோணிகள் பேசின் பிரிட்ஜ் வரை வந்தன. 1960களின் நடுவில் அடித்த புயல்களுக்குப் பிறகு போக்குவரத்து மங்கி, பிறகு நின்றுபோனது.

அதன்பின் நடந்ததுதான் வருத்தம் தருகிறது. பறக்கும் ரயில் பாதையின் தூண்களை இந்தக் கால்வாயை ஒட்டியும் அதற்குள்ளும் நட்டார்கள். 1995இல் சேப்பாக்கம் வரையும், 1997இல் மயிலாப்பூர் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 2008இல், இதே கால்வாயையும் சேர்த்து தேசிய நீர்வழி எண் 4 என்று மத்திய அரசு சட்டம் இயற்றியது. தூண்களுக்கு நடுவே சாக்கடை ஓடும் வாய்க்காலில் சரக்குப் படகு எப்படிப் போகும்? நகரத்துக்குள் அது இனி முடியாது. அரசு இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டால், கால்வாயை வேறு எதற்குக் காப்பாற்றலாம் என்ற பேச்சாவது ஒழுங்காகத் தொடங்கும்.

அந்தப் பேச்சு எண்ணூரில் தொடங்க வேண்டும். கொசஸ்தலையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் சேர்ந்து கடலுக்குப் போகும் வாசல் அது. வடசென்னை வெள்ளம் வடியவும், இறாலும் மடவையும் உள்ளே வந்து வளரவும் அந்த ஒரு வாசல்தான். அதன் கரையிலேயே அனல்மின் நிலையங்களை நிறுத்தினோம். 2001இல் நிலக்கரிக்காகவே எண்ணூர்த் துறைமுகத்தைத் திறந்தோம். சாம்பல் குழம்பு குழாய்களிலிருந்து கசிந்து கழிமுகத்தில் படிந்தது. இந்தச் சேதத்துக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கிச் சீரமைக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022 ஜூலையில் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே எண்ணெய் வந்தது. சென்னை பெட்ரோலிய நிறுவன வளாகத்திலிருந்து அது வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது.

எண்ணெயை யார் அள்ளினார்கள் என்பதை மறக்கக் கூடாது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரிலும் மீனவர்கள் படகில் போய்க் கையால்தான் அள்ளினார்கள். பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. கழிமுகத்தில் மீன் இல்லாத ஒரு பருவத்தை அந்தத் தொகை எத்தனை நாள் தாங்கும்?

துறைமுகம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இந்தக் கரையோரத் துறைமுகங்களை நம்பி வீடு நடத்தும் குடும்பங்கள் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஏராளம். வடசென்னையில் எரியும் நிலக்கரிதான் தமிழ்நாட்டின் விளக்குகளில் ஒரு பங்கை எரியவைக்கிறது. கண்டெய்னர் லாரி வரிசையில் மூச்சுத் திணறும் திருவொற்றியூர்க்காரர், சரக்கு தண்ணீரில் போனால் நல்லது என்று ஆசைப்படுவதிலும் தவறில்லை. அவருக்கான பதில் ரயில் பாதையும் 2009இல் தொடங்கி 2012இல் நின்று 2022இல் மறுபடி அடிக்கல் கண்ட சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலையும்தான். சாகக் கிடக்கும் கால்வாயை லாரிக்கு மாற்று என்று காட்டுவது அவரை ஏமாற்றுவதாகும்.

எண்ணூரில் கேட்கவேண்டியது, பனாமாவில் கப்பல்காரரிடம் கேட்கும் அதே கேள்வி: இந்தத் தண்ணீர் எவ்வளவு தாங்கும்? காட்டுப்பள்ளித் துறைமுகத்தை சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்கும் மேலாக விரிக்கும் திட்டம் நிலுவையில் இருக்கிறது. ஒரு பக்கம் எண்ணூர்க் கழிமுகம், மறுபக்கம் பழவேற்காடு ஏரி, பின்னால் பக்கிங்ஹாம் கால்வாய் என்று மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த மணல்திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. 2004 ஆழிப்பேரலையின்போது கரையைத் தாண்டிய நீரை இதே கால்வாய் பல இடங்களில் வாங்கிக்கொண்டது. அந்த மண்ணையும் நீரையும் தொடும் முன் கணக்குப் பார்க்கவேண்டாமா?

விரிவாக்கத்துக்கான பொதுக் கருத்துக் கேட்பு 2023 செப்டம்பரில் நடப்பதாக இருந்து தள்ளிவைக்கப்பட்டது. அது எப்போது கூடினாலும், அதற்கு முன்பு சில வேலைகளை அரசு முடித்தாக வேண்டும். எண்ணூர் முகத்துவாரத்தில் படியும் மணலை ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். கழிமுகச் சாம்பலைத் தீர்ப்பாயம் சொன்னபடி அகற்ற வேண்டும். மணலி ஆலைகளின் மழைநீர் வெளியேறும் ஒவ்வொரு வாயிலும் எண்ணெய்த் தடுப்பு வைத்து, அங்கே ஓடும் நீரின் பரிசோதனை முடிவைத் தமிழில், மாதந்தோறும், எண்ணூர்க் காட்டுக்குப்பம் மீனவர்கள் படிக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். இவற்றைச் செய்து முடிக்காமல் காட்டுப்பள்ளியில் இன்னொரு ஏக்கரைக் கூட அரசு அனுமதிக்கக் கூடாது.