இயந்திரத்தை அளந்தால் போதுமா?

பரீட்சை முடிந்ததும் மோட்டார் சைக்கிள் கேட்கும் பிள்ளைகள் பெருகிவிட்ட காலம் இது. பெற்றோர் பலர் அதற்கு ஒரு சமாதானம் கண்டு வைத்திருக்கின்றனர். "பெரியது வேண்டாம், சி.சி. குறைந்ததாய் ஒன்று வாங்கிக் கொடுப்போம்" என்பதே அது. இயந்திரம் சிறுத்தால் ஆபத்தும் சிறுக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. இதே நம்பிக்கையைக் கொண்டு பிரித்தானிய அரசாங்கமும் ஒரு காலத்திற் சட்டம் செய்தது. அச்சட்டம் பட்ட பாட்டை இவ்வாரம் நோக்குவோம்.

1935ஆம் ஆண்டிலே பிரித்தானியாவிற் சாரதிப் பரீட்சை கட்டாயமாயிற்று. நம் வீதிகளிலும் பயிலுநரின் வண்டியில் நாம் காணும் 'எல்' பலகை அங்கே அவ்வாண்டிலேயே வழக்குக்கு வந்தது. ஆயினும் மோட்டார் சைக்கிள் பயில்வோன் எவ்வளவு பெரிய இயந்திரத்திலும் ஏறலாம் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 1961இலேதான் அதற்கு ஓர் எல்லை பிறந்தது. பயிலுநர் 250 சி.சி.க்கு மேற்பட்ட இயந்திரத்தை ஓட்டலாகாது என விதித்தனர். பக்கவண்டி பூட்டிய சைக்கிளுக்கு மட்டும் விலக்கு அளித்தனர்.

விதி நல்ல நோக்கத்துடன் எழுந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது அளந்தது ஓர் எண்ணை மாத்திரமே. ஆலைகள் அவ்வெண்ணைக் காப்பாற்றிக்கொண்டு ஏனைய அனைத்தையும் மாற்றத் தொடங்கின. இயந்திரத்தின் வலு அதன் கொள்ளளவை மட்டும் பொறுத்ததன்று என்பதை விஞ்ஞானம் பயிலும் மாணவர் அறிவர். நான்கடிப்பு இயந்திரம் இரு சுற்றுக்கு ஒரு முறை எரிபொருளை எரிக்கின்றது; ஈரடிப்பு இயந்திரமோ ஒவ்வொரு சுற்றிலும் எரிக்கின்றது. சுழற்சியை விரைவாக்கினால் வலு மேலும் பெருகும். 1978இல் வெளிவந்த சுசுக்கி ஜீ.ரீ. 250 எக்ஸ் 7 என்னும் சைக்கிள் மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டவல்லது எனப் பெயர் பெற்றது. அதனைப் பரீட்சையிலே தேறாத பதினேழு வயது இளைஞனும் 'எல்' பலகையைக் கட்டிக்கொண்டு ஓட்டலாம். சட்டம் அவனைத் தடுக்கவில்லை.

பதினாறு வயதினருக்கு நேர்ந்த கதை இதனினும் வேடிக்கையானது. 1971இன் இறுதியில் அவர்களுக்கு 50 சி.சி. மொபெட்டு மட்டுமே உரியது என்றாயிற்று. மொபெட்டு என்பதற்குக் காலால் மிதித்து ஓட்டக்கூடிய மிதிகள் இருத்தல் வேண்டும் என்பது இலக்கணம். உடனே யமஹா எப்.எஸ். 1 ஈ போன்ற வண்டிகள் மிதிகளுடன் சந்தைக்கு வந்தன. உருவத்திலும் ஓட்டத்திலும் அவை முழு மோட்டார் சைக்கிள்களே. மிதிகள் இரண்டையும் ஒருபுறமாகத் திருப்பிவிட்டால் அவை கால் வைக்கும் படிகளாகிவிடும்! ஈற்றில், 1977இல், மொபெட்டின் வேகத்துக்கே மணிக்கு 30 மைல் என்ற எல்லையை வகுக்க வேண்டியதாயிற்று.

வேகத்துக்கு ஏன் இத்துணை அஞ்ச வேண்டும்? ஓடும் பொருளின் சத்தி அதன் வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுவது. வேகம் இரு மடங்கானால் சத்தி நான்கு மடங்காகும். பிறேக்கைப் பிடித்த பின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமும் ஏறக்குறைய நான்கு மடங்காகும். காரில் இருப்பவனைச் சுற்றி இரும்புக் கூடு உண்டு. மோட்டார் சைக்கிளில் இருப்பவனுக்கு அவனுடைய தோலே கவசம்.

1983இல் சட்டம் ஓரளவு தெளிவு பெற்றது. பயிலுநரின் எல்லை 125 சி.சி.யாகக் குறைந்தது, அத்தோடு 12 குதிரைவலுவுக்கு மேற்படலாகாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. கொள்ளளவை மட்டுமன்றி வலுவையும் சட்டம் அளக்கத் தலைப்பட்டது. ஆயினும் அளக்கப்பட்டது இன்னமும் இயந்திரமே. அதன்மேல் அமர்ந்திருப்பவன் யாரிடம் கற்றான், என்ன கற்றான் என்ற வினாவைச் சட்டம் எழுப்பவில்லை.

அந்த வினாவின் கனத்தை அமெரிக்காவில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி அதற்கு முன்னரே உணர்த்தியிருந்தது. தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேட் என்பாரும் அவருடைய குழுவினரும் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்திலேயே ஆராய்ந்தனர். 1981இல் வெளியான அவர்தம் அறிக்கையின்படி, விபத்துக்குள்ளானோரிற் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முறையான பயிற்சி பெறாதவர்கள். தாமாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பரிடமோ பழகியவர்கள். ஆபத்து நேர்ந்த கணத்தில் அவர்களிற் பெரும்பாலோர் பின் பிறேக்கை அளவுக்கு மிஞ்சி அழுத்திச் சறுக்கினர். முன் பிறேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. வண்டியை நிறுத்தும் வலிமையிற் பெரும்பகுதி முன் சக்கரத்திலேயே உள்ளது. "முன் பிறேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்" என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கும் அண்ணன்மார் நம்மிடையே எத்தனை பேர்! அன்பினாற் கொடுத்த அறிவுரையே ஆபத்துக் காலத்திற் பகையாகிவிடுகின்றது.

பிரித்தானியாவில் 1990 டிசம்பரிற் கட்டாய அடிப்படைப் பயிற்சி நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் பயிலுநர் வீதியில் இறங்குமுன் அங்கீகாரம் பெற்ற ஆசிரியரிடம் பயில வேண்டும். முதலிற் கண்பார்வையைச் சோதிப்பர்; பின்னர் மூடிய வெளியிலே வண்டியைப் பிடிக்கவும் நிறுத்தவும் திருப்பவும் பழக்குவர்; இறுதியாக ஆசிரியர் உடன்வர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வீதியிலே ஓட்ட வேண்டும். ஆசிரியர் திருப்தியடைந்தாலன்றிச் சான்றிதழ் கிடையாது. பயிலுநர் தம் பின்னிருக்கையில் எவரையும் ஏற்றலாகாது என்ற தடையும் அப்போதே பிறந்தது.

இன்று அங்குள்ள ஒழுங்கு படிப்படியானது. பதினேழு வயதில் அச்சான்றிதழுடன் 125 சி.சி., 11 கிலோவாற்று வரை ஓட்டலாம். பத்தொன்பதில், பரீட்சை தேறினால், 35 கிலோவாற்று வரை. இருபத்து நான்கில் எதனையும் ஓட்டுதற்குரிய பரீட்சைக்குத் தோற்றலாம். இடைப்படியில் ஈராண்டு பழகியவர்க்கு இருபத்தொன்றிலேயே அவ்வாய்ப்பு உண்டு. 2013 முதல் நிலவும் இவ்வொழுங்கில் ஒரு நுட்பம் கவனித்தற்குரியது. பெரிய இயந்திரமொன்றின் வலுவைக் குறைத்து 35 கிலோவாற்று வண்டியாக்குவதாயின், அதன் மூல வலு எழுபது கிலோவாற்றைத் தாண்டியிருக்கலாகாது. ஆலைகளின் சாமர்த்தியத்தைச் சட்டம் மறக்கவில்லை!

இவ்வொழுங்கிலும் குறை இல்லாமலில்லை. அடிப்படைச் சான்றிதழ் ஈராண்டுக்கே செல்லும். ஆனால் அதனை மீண்டும் மீண்டும் பெற்று, பரீட்சைக்கே தோற்றாமல் 'எல்' பலகையோடு காலங்கடத்துவோர் உளர். பயிற்சிக்கும் பரீட்சைக்கும் ஆகும் செலவு ஏழை இளைஞனுக்குச் சுமையே. வேலைக்குப் போக மோட்டார் சைக்கிளை நம்பியிருப்பவனிடம், "காத்திரு" என்று சொல்வது எளிதன்று. ஆயினும் விபத்தின் செலவு இவை எல்லாவற்றையும் விடப் பெரிது. அதனைச் செலுத்துவது அவன் ஒருவன் மட்டுமன்று, அவன் குடும்பம் முழுவதுமாகும்.

எனவே, பெற்றோர் மகனிடம் "எத்தனை சி.சி.?" என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. "யாரிடம் பழகப் போகின்றாய்? வெறுவெளியில் எத்தனை நாள் பழகினாய்? இரு பிறேக்கையும் சேர்த்துப் பிடித்து வண்டியை நேராக நிறுத்திக் காட்டுவாயா?" என்றும் கேட்க வேண்டும். வண்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் தலைக்கவசத்துக்கும் முதலில் ஒதுக்க வேண்டும். மாணவர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே: கற்றுக் கொண்டிருக்கின்றேன் என்று ஊரறியச் சொல்லும் 'எல்' பலகையில் வெட்கத்துக்கு இடமில்லை. அதனைக் கழற்ற அவசரப்படாதீர்கள். கழற்றத் தகுதி பெறுங்கள்.