ரெஸ்யூமேயில ஏன் சாமி ஒளிஞ்சு விளையாடுறீங்க?

நம்மூர்ல ரெஸ்யூமே தயாரிக்கிறதுன்னா, ஃப்ரெண்டோட ஃபைலை வாங்கி பேரை மட்டும் மாத்துறதுதான். அப்பா பேரு, பிறந்த தேதி, கடைசியில "மேற்கூறியவை அனைத்தும் உண்மை"ன்னு ஒரு உறுதிமொழி. ராசி, நட்சத்திரம் சேர்த்தா தரகர்கிட்டயே குடுத்துடலாம் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். வடிவம் மூணு வகை. ஒண்ணு, கடைசி வேலையிலேருந்து வருஷவாரியா பின்னாடி போறது. ரெண்டு, வருஷத்தை ஓரங்கட்டிட்டு திறமைகளை மட்டும் அடுக்குறது. மூணு, மேல திறமை, கீழ வருஷக்கணக்குன்னு ரெண்டும் கலந்தது.

ரெண்டாவதுக்குப் பெரிய பாரம்பரியமே இருக்கு. 1482 வாக்குல மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாகிட்ட வேலை கேட்டு லியனார்டோ டா வின்சி எழுதின கடிதம் இந்த ரகம்தான். பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன்னு பாயிண்ட் பாயிண்டா போகும். ஓவியமும் வரைவேன்கிறது கடைசிப்பக்கம்தான் வரும். அவரு டா வின்சி, செல்லும். நமக்கு?

வேலையில இடைவெளி விட்டவங்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, இந்த வடிவத்தைத்தான் எல்லாரும் சிபாரிசு பண்றாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கும்போது ரெஸ்யூமே பாக்குற ஆளுங்கிற முறையில சொல்றேன், கண்ணு முதல்ல தேதிக்குத்தான் போகும். தேதி இல்லேன்னா சந்தேகம்தான் வரும். அப்படியே தாண்டினாலும் பி.எஃப். கணக்கு இருக்கே! யூ.ஏ.என். நம்பர்ல எப்ப சேர்ந்தீங்க, எப்ப விலகினீங்கன்னு புட்டுப்புட்டு வெச்சிடும்.

தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க, அக்கவுண்டண்ட். மாமியாருக்கு பக்கவாதம் வந்ததால 2018லேருந்து 2022 வரைக்கும் வேலைக்குப் போகலை. யாரோ சொன்னாங்கன்னு வருஷமே இல்லாம ரெஸ்யூமே போட்டு, ஒரு இடத்துலேருந்தும் கூப்பிடலை. பேசிப் பாத்தா, அந்த நாலு வருஷமும் தெருவுல ரெண்டு கடைக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் குடுத்திருக்காங்க! "சம்பளச் சீட்டு இல்லையே தம்பி, அதெல்லாம் வேலையா?"ன்னு கேக்குறாங்க. வேலை இல்லாம வேற என்னக்கா?

மூணாவது வடிவத்துக்கு மாத்தி, "2018–2022: குடும்பப் பொறுப்பு, பகுதிநேர ஜி.எஸ்.டி. பணி"ன்னு ஒரே வரி சேர்த்தோம். ரெண்டு இடத்துலேருந்து இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்க. ஒண்ணுல வேலையும் கிடைச்சுது. சம்பளம் பழசை விடக் கம்மிதான்ங்கிறது தனிக்கடுப்பு.

ஆக, தொடர்ச்சியா வேலை பாத்தவங்களுக்கு முதல் வகை போதும். இடைவெளி விட்டவங்களுக்கும் துறை மாறுறவங்களுக்கும் மூணாவது. ரெண்டாவதை டா வின்சிக்கே விட்டுடுங்க.

ஆனா வடிவம் பாதிதான். மேசைக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்குற நாமளும் மாறணும். வயசானவங்களைப் பாத்துக்கிட்ட நாலு வருஷத்தை குத்தம் மாதிரி விசாரிச்சா, ஜனங்க ஒளிக்கத்தான் செய்வாங்க. டாடா குழுமம் 2008லயே இப்படி இடைவெளி விட்ட பெண்களுக்குன்னு தனித்திட்டம் ஆரம்பிச்சுது. மத்தவங்களுக்கு என்ன வந்துச்சு?

டிஸ்கி: "பொழுதுபோக்கு: பாட்டு கேட்பது"ங்கிற வரியை தயவுசெஞ்சு தூக்கிடுங்க மக்கா. பாட்டு கேக்காதவன் எவன் இருக்கான்?